தெற்குப் பக்கத்துப் பதினேழு படிகள்

ஒரு வீட்டின் படிக்கட்டை நான் திருடினேன்.

அந்த வீடு அப்போது கட்டப்படவில்லை. படிக்கட்டு காகிதத்தில்தான் இருந்தது. அது செங்கலும் சிமெண்டுமாக ஆவதற்கு முன்பே, சொந்தக்காரரின் கண்ணெதிரிலேயே, அவருக்குத் தெரியாமல் எடுத்தேன். எடுத்துக்கொள்ளச் சம்மதம் என்று அவரிடமே கையெழுத்தும் வாங்கினேன்!

சிரிக்காதீர்கள்... காகிதத்துப் படிக்கட்டை எடுத்தது ஒரு திருட்டா என்று நீங்கள் கேட்கலாம். நானும் என்னை அப்படிக் கேட்டுக் கேட்டுத்தான் நாலு வருஷத்தை ஓட்டினேன்.

நான் யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். அருப்புக்கோட்டையில், திருச்சுழி போகும் சாலையில், பஸ் நிற்கிற இடத்துக்கு நேர் எதிரே ஒற்றை ஷட்டர் போட்ட கடை என்னுடையது. வீட்டுக்குப் பிளான் போட்டு அப்ரூவல் வாங்கிக் கொடுப்பது தொழில். இன்ஜினியர் என்று ஊரில் கூப்பிடுகிறார்கள். நான் இன்ஜினியர் இல்லை. பத்தாவதோடு பள்ளிக்கூடம் முடிந்தது. விருதுநகரில் ஒரு இன்ஜினியரிடம் எடுபிடியாகச் சேர்ந்து, அவர் போடும் கோட்டைப் பார்த்துப் பார்த்து நானும் கோடு போடக் கற்றேன். கம்ப்யூட்டரில் வரைவதை வீடியோ பார்த்துக் கற்றேன். நான் வரைகிற பிளான்களில் கையெழுத்துப் போடுவது இன்றைக்கும் அந்த இன்ஜினியர்தான்.

படிப்பு இல்லாத குறையோ என்னவோ, ஆட்கள் பேசுவதைக் குறித்து வைக்கிற பழக்கம் எனக்கு உண்டு. நோட்டின் முன்பக்கம் அளவுகள், பின்பக்கம் பேச்சுகள்.

வீரசோழன் என்ற ஊரில் ஒரு அம்மா சொன்னார்கள்: "அடுப்பைப் பாத்து நிக்கையில வாசல்ல யாரு வாராகன்னு எனக்குத் தெரியணும் தம்பி. எம் முதுகுல ஒரு கண்ணு வச்சுக் குடுங்க." அவர்களுடைய கணவர் சவூதியிலிருந்து போனில் சொன்னார்: "நான் வருசத்துக்கு ஒரு மாசம் தங்குற ஆளு. எனக்குன்னு ரூமெல்லாம் வேணாம் தம்பி. செவத்துல ஒரு ஆணி அடிச்சு விடுங்க, வந்தா சட்டையை மாட்டிக்கிறேன்."

இரண்டையும் அப்படியே எழுதி வைத்திருக்கிறேன். ஆள் பேசுகிற பேச்சிலேயே அவன் வீடு இருக்கிறது, நான் அதைக் கேட்டு வரைகிறவன் என்று எல்லாரிடமும் பெருமை அடித்துக்கொள்வேன். அந்தப் பெருமைக்காரன்தான் இதைச் செய்தேன்!

என்னிடம் இன்னொரு பழக்கமும் உண்டு. பிளானைப் பார்த்துப் புரிந்துகொள்ள முடியாதவர்களுக்கு, மனையிலேயே முழு அளவில் சுண்ணாம்புப் பொடியால் வீட்டை வரைந்து காட்டுவேன். கரிசல் மண்ணில் வெள்ளைக் கோடு பளிச்சென்று தெரியும். "இதுதான் வாசல், செருப்பைக் கழட்டுங்க" என்பேன். வெறும் மண்ணில் நின்றுகொண்டு கழற்றுவார்கள்! ஜன்னல் கோட்டுக்கு அருகில் போய் வெளியே எட்டிப் பார்ப்பார்கள். அடுப்படி இடித்தால் இடிக்கிறது என்று அங்கேயே சொல்லிவிடுவார்கள். அப்படி நடந்து பார்க்காமல் யாரிடமும் நான் கையெழுத்து வாங்கியதில்லை.

ஒருவரைத் தவிர.

அவர் பெயர் வேலுச்சாமி. அண்ணாச்சி என்றுதான் நான் கூப்பிடுவேன். திருச்சுழிக்கு இந்தப் பக்கம் ஒரு ஊர். மிளகாயும் பருத்தியும் போட்டு வந்த சம்சாரி. மனைவி இறந்து வெகுநாள் ஆகியிருந்தது. மெயின் ரோட்டை ஒட்டி அவர் பெயரில் கிழக்கே பார்த்த ஒரு மனை, சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்தது. அதை வெட்டித் தூர் எடுத்துவிட்டு என்னிடம் வந்தார்.

பிள்ளைகள் மூன்று பேர். பெரியவன் முருகேசன் சிங்கப்பூரில் இருந்தான். இளையவன் ஊரிலேயே டிராக்டர் வைத்திருந்தான், குடும்பஸ்தன். நடுவில் மகள், ஜோதி. கல்யாணமாகி நாலாம் வருஷம் அப்பா வீட்டுக்குத் திரும்பி வந்தவள். ஏன் வந்தாள் என்று நான் கேட்டதில்லை, அண்ணாச்சியும் சொன்னதில்லை. காலேஜில் கணக்குப் படித்த பெண். ஊர்ப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிற எண்ணத்தில் இருந்தாள்.

கீழே இளையவன் குடும்பமும் அண்ணாச்சியும். மேலே ஜோதிக்கு ஒரு அறை, ஒரு சின்ன அடுப்படி, பிள்ளைகள் உட்கார்ந்து படிக்க முன்னால் ஒரு ஹால். இவ்வளவுதான் வீடு. எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, எழுந்து போகப் போனவர் திரும்பி உட்கார்ந்தார்.

"தம்பி, படி வெளியதான் வரணும். எம் மக யாரு மூஞ்சியையும் பாக்காம மேல போகணும். பாக்கணும்னு அவளுக்குத் தோணுச்சுன்னா எறங்கி வரட்டும்."

அதை நோட்டின் பின்பக்கத்தில் எழுதினேன். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். "நான் சொன்னதையா எழுதுற?" என்றார். ஆமாம் என்றேன். வெட்கப்பட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

தெற்குப் பக்கத்தில் படியைப் போட்டேன். ஒற்றைப்படையில் வரவேண்டும் என்றார். பதினேழு வந்தது.

ஒருநாள் காலையில் மனையில் சுண்ணாம்பு போட்டேன். ஜோதியும் வந்திருந்தாள். வாசல், ஹால், அறை என்று சுற்றிவிட்டு அண்ணாச்சி தெற்குப் பக்கம் வந்தார். படிக்கட்டுக்காக நான் போட்டிருந்த பதினேழு கோடுகளுக்கு முன்னால் நின்றார். வேட்டியை மடித்துக் கட்டினார். பிறகு... ஒவ்வொரு கோட்டிலும் முழங்காலைத் தூக்கித் தூக்கி வைத்து ஏற ஆரம்பித்தார்! தரையில்தான். ஆனால் ஏறினார். ஒண்ணு, ரெண்டு, மூணு என்று வாய்விட்டு எண்ணிக்கொண்டு.

"யப்பா, தரையில தான நடக்கிறீக, எதுக்கு இப்பிடி மூச்சு வாங்குது?" என்று ஜோதி சிரித்தாள்.

"ஏத்தா, பத்தடி ஒசரம் ஏறி வந்திருக்கேன், மூச்சு வாங்காதா?"

பதினேழாவது கோட்டில் நின்று திரும்பி ரோட்டைப் பார்த்தார்.

"மேல காத்து நல்லா வருதுத்தா."

ஜோதியும் ஏறினாள். முதல் கோட்டுக்குக் கீழே அவள் செருப்பை விட்டுவிட்டு ஏறியதை நான் பார்த்தேன். மகளும் தகப்பனும் பதினேழாவது கோட்டில் சேர்ந்து நின்றார்கள். அவர்களுக்குக் கீழே வெறும் கரிசல்தான், போன கோடையில் விட்ட வெடிப்போடு. இதை நான் மறக்க முடியுமா? முடிந்தால் உங்களிடம் ஏன் சொல்லிக்கொண்டிருக்கப் போகிறேன்...

அப்ரூவல் வந்தது. அஸ்திவாரம் தோண்ட நாள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் சிங்கப்பூரிலிருந்து முருகேசன் போன் செய்தான்.

"அண்ணே, பிளான் பாத்தேன். எல்லாம் சரி. ஆனா எலிவேஷன் என்னண்ணே இப்பிடி இருக்கு? சைடுல படி தொங்குது. ரோட்டுல போறவன் பாத்தா வாடகைக்கு விட்ட வீடுன்னுல்ல நெனைப்பான்."

"அப்பா கேட்டதுதான் தம்பி."

"அவுக கேப்பாக. ஜோதி எங்க தங்கச்சி இல்லையா? வீட்டுக்குள்ளயே ஏறி இறங்கட்டுமே. தனி வழி போட்டா, அண்ணன் தம்பி சேந்து அவளை ஒதுக்கி வச்ச மாதிரி ஊரு பேசாதா?"

அவன் கெட்டவன் என்று நான் சொல்லமாட்டேன். அவன் கணக்கில் அதுவும் ஒரு பாசம். அதோடு சில படங்களை அனுப்பினான். வளைந்த சன்ஷேடு, முன்னால் இரண்டு உயரமான தூண்கள், அவற்றில் கல் பதிப்பு, மாடியில் கண்ணாடி போல மின்னும் கைப்பிடிக் கம்பி.

"இந்த மாதிரி ஒண்ணு திருச்சுழி ரோட்டுலயே கெடையாதுண்ணே. கட்டி முடிச்சா யாரு போட்ட பிளான்னு எல்லாரும் கேப்பாக பாருங்க."

இங்கேதான் நான் விழுந்தேன்.

அதுவரைக்கும் நான் வரைந்ததெல்லாம் தீப்பெட்டி வீடுகள். முன்னால் ஒரு சன்ஷேடு, மேலே ஒரு கைப்பிடிச் சுவர். படித்த இன்ஜினியர்கள் போடுகிற முகப்பைப் பஸ்ஸிலிருந்து தலையை நீட்டிப் பார்த்துக்கொண்டே போவேன். எனக்கும் ஒன்று... எனக்கும் ஒரே ஒன்று வேண்டும் என்று இருந்தது. ஐந்து காசு கூடுதலாகக் கிடைக்கும் என்று நான் செய்யவில்லை. யாரும் மிரட்டவுமில்லை. ரோட்டில் போகிறவன் ஒருவன் பஸ்ஸிலிருந்து தலையை நீட்டி என் வீட்டைப் பார்க்கவேண்டும் என்ற ஆசை, அவ்வளவுதான்! இவ்வளவு சின்ன ஆசைக்கு ஒரு பெண்ணின் வாசலைக் கொடுத்தேனே, நான் என்ன மனுஷன்?

விருதுநகர் இன்ஜினியரிடம் கேட்டேன். "பரப்பு கூடலை, ஒசரம் கூடலை, இன்னும் வேலையே ஆரம்பிக்கலை. வெளித்தோற்றத்துல சின்ன மாற்றம்னு ஒரு கடிதம் எழுதி, ஓனர் கையெழுத்து வாங்கி, திருத்துன படத்தோட குடுத்திரு" என்றார்.

வெளித்தோற்றத்தில் சின்ன மாற்றம். எவ்வளவு லேசான வார்த்தை பாருங்கள்!

கடிதத்தை நான்தான் எழுதினேன். மாற்றங்கள் நான்கு. முதலில் சன்ஷேடு. அடுத்தது தூண்கள். மூன்றாவது, தெற்குப் பக்கத்து வெளிப்படிக்கட்டை வீட்டின் உட்புறத்துக்கு மாற்றுதல். நான்காவது, மாடிக் கைப்பிடிக் கம்பி. படிக்கட்டை ஏன் மூன்றாவதாக வைத்தேன்? நடுவில் வைத்தால் கண்ணில் படாது. இதை யோசித்துத்தான் செய்தேன். இதற்குமேல் என்னத்தை மறைக்க?

வர்ணம் போட்ட படமும் தயார் செய்தேன். வீட்டை எந்த மூலையில் நின்று பார்ப்பதுபோலவும் கம்ப்யூட்டரில் திருப்பி வைக்கலாம். தென்கிழக்கு மூலையில் நின்று பார்த்தால் தெற்குப் பக்கம் படியில்லாமல் மொட்டைச் சுவராக நிற்பது தெரிந்துவிடும். வடகிழக்கு மூலைக்குத் திருப்பினேன். மாடியில், கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண் நிற்பதுபோல் ஒரு உருவத்தையும் சேர்த்தேன். அழகுக்காக.

"நீங்களே அப்பாகிட்டப் பக்குவமாச் சொல்லிக் கையெழுத்து வாங்கிருங்கண்ணே. நான் சொன்னா வம்பாகும்" என்று முருகேசன் சொல்லியிருந்தான். ஜோதி வீட்டில் இல்லாத நாளாகப் பார்த்துப் போனேன். டவுனுக்குப் போகும் பஸ்ஸில் அவள் ஏறியதை என் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் போனேன்.

அண்ணாச்சிக்கு அப்போதே உடம்பு சரியில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். படத்தை நீட்டியதும் முகம் மலர்ந்துவிட்டது.

"நம்ம வீடா தம்பி இது? சினிமாக் கொட்டகை மாதிரில்ல இருக்கு!"

"முருகேசன் ஆசைப்பட்டாரு அண்ணாச்சி. முன்பக்கம் கொஞ்சம் மாத்தியிருக்கு."

விரலால் மாடியைத் தொட்டார். "இது யாரு, நம்ம ஜோதியா?"

"ஜோதிதான் அண்ணாச்சி."

அவள் எந்த வழியாக அங்கே ஏறினாள் என்று அவர் கேட்கவில்லை. பதினேழு கோட்டிலும் கால்வைத்து ஏறிப் பார்த்தவருக்கு அதைக் கேட்க என்ன இருக்கிறது?

கடிதத்தை எடுத்தேன். "கண்ணாடி உள்ள இருக்கு, எடுத்துட்டு வாரேன்" என்று எழுந்தார். "நீங்க உக்காருங்க அண்ணாச்சி, நான் வாசிக்கிறேன்" என்றேன். வாசித்தேன். சன்ஷேடு வாசித்தேன். தூண் வாசித்தேன். கைப்பிடிக் கம்பி வாசித்தேன்.

"வேற ஒண்ணும் மாறலையே தம்பி?"

"வேற ஒண்ணும் இல்ல அண்ணாச்சி."

கையெழுத்துப் போட்டார். ஒவ்வொரு எழுத்தாக, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி, நிதானமாக. போட்டுவிட்டு அந்தப் படத்தைக் கேட்டு வாங்கித் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டார்.

அந்த மாற்றத்துக்கு நான் சுண்ணாம்பு போட்டு நடக்கவைக்கவில்லை. வேலையை ஆரம்பிக்கப் போட்ட கோடுகளை மேஸ்திரிதான் பார்த்தார். அண்ணாச்சி பார்க்கவில்லை.

எனக்கு இன்னொரு வாய்ப்பும் கிடைத்தது. அதையும் சொல்கிறேன்.

அஸ்திவாரம் முடிந்து பேஸ்மென்ட் மண் நிரப்பியிருந்த சமயம். மதுரை ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில், அண்ணாச்சியைக் கூட்டிக்கொண்டு கார் மனை முன்னால் நின்றது. அவரால் இறங்க முடியவில்லை. இளையவன் இறங்கி மேஸ்திரியிடம் பேசப் போனான். ஜோதி எதிர்க் கடைக்குத் தண்ணீர் வாங்கப் போனாள். கார் கண்ணாடிக்கு அருகில் நான் மட்டும் நின்றேன்.

பாதி உடம்பாகிவிட்டிருந்தார். கண் மட்டும் மனையைச் சுற்றிச் சுற்றி வந்தது. கையைத் தூக்கித் தெற்குப் பக்கத்தைக் காட்டினார்.

"படி?"

நீங்கள் என் இடத்தில் இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? சொல்லியிருப்பீர்கள், இல்லையா? ஒரு நிமிஷ வேலை...

"படி கடைசியாத்தான் வரும் அண்ணாச்சி. மேல கூரை போட்ட பெறகு" என்றேன்.

வெளிப்படியை எல்லாரும் கடைசியில்தான் கட்டுவார்கள். உண்மைதான். ஒரு உண்மையை எடுத்து அவர் வாயை அடைத்தேன்.

"அதுவும் சரிதான்" என்று சாய்ந்துகொண்டார்.

அன்று சாயங்காலம் முருகேசனைக் கூப்பிட்டேன். "அப்பா படியைக் கேக்காரு தம்பி. இன்னும் சுவர் எழும்பலை, இப்பக்கூட மாத்திரலாம்" என்றேன். "அண்ணே, அவுக இருக்கிற நெலமையில... முதல்ல வீடு எந்திரிக்கட்டும்ணே. பெறகு பாப்போம்" என்றான். அழுதானோ என்று சந்தேகமாக இருந்தது. போனை வைத்துவிட்டேன். வீடு எழுந்த பிறகு என்னத்தைப் பார்ப்பது? அவனுக்குத் தெரியாமல் இருக்கலாம், எனக்குத் தெரியும்.

வீடு கூரை மட்டத்துக்கு வந்தபோது அண்ணாச்சி இறந்தார். ஆபரேஷனுக்குப் பிறகு தொண்டையில் குழாய் போட்டுவிட்டார்களாம், கடைசிவரை பேச்சு இல்லை. அவர் ஆஸ்பத்திரியில் கிடந்த மூன்று மாதமும் கூடவே இருந்தவள் ஜோதி. காரியம் முடிந்து வந்தவள், ஹாலுக்குள் படிக்கு கான்கிரீட் போடப் பலகை அடித்திருப்பதை அப்போதுதான் பார்த்திருக்கிறாள். "அப்பாதான் மாத்திக் கையெழுத்துப் போட்டுக் குடுத்தாக" என்று இளையவன் சொன்னானாம். அவன் அப்படித்தான் நம்பினான். அவனிடம் யாரும் வேறு சொல்லவில்லை.

கிரகப்பிரவேசத்துக்குப் போனேன். எல்லாரும் ரோட்டில் இறங்கி நின்று முகப்பைப் பார்த்தார்கள். பஸ்ஸிலிருந்து தலைகள் நீண்டன! "யாரு போட்ட பிளான்?" என்று கேட்டார்கள். "இன்ஜினியர் இந்தா நிக்காரு பாருங்க" என்று இளையவன் என் தோளில் கை வைத்தான். நான் ஆசைப்பட்டது அத்தனையும் ஒரே காலையில் நடந்தது. பந்தியில் உட்கார்ந்தேன். இலையை மூடிவிட்டு வந்துவிட்டேன்.

அதன் பிறகு இதே மாதிரி முகப்பு வேண்டும் என்று எத்தனையோ பேர் வந்தார்கள். வரைந்து கொடுத்திருக்கிறேன். இன்றைக்கும் கொடுக்கிறேன்.

போன மாசம் ஜோதி என் கடைக்கு வந்தாள்.

"அண்ணே, தெக்குப் பக்கம் ஒரு இரும்புப் படியாவது வைக்க முடியுமா? பாத்துச் சொல்லுங்களேன்."

டியூஷன் நடக்கவில்லை என்று எனக்குத் தெரியும். அவளே சொன்னாள். முதலில் எட்டுப் பிள்ளைகள் வந்தார்கள். வீட்டு வாசல் வழியாக வந்து, ஹாலைத் தாண்டி, படியேற வேண்டும்.

"தம்பி பொண்டாட்டி நல்லவதான்ணே. ஒரு சொல்லு சொல்லமாட்டா. ஆனா ஒவ்வொரு பிள்ளையும் உள்ள வாறப்ப டிவி சத்தத்தைக் கொறைப்பா. எட்டுப் பிள்ளை, எட்டுத் தடவை. அந்தக் கொறைக்கிறதை என்னால தாங்க முடியலைண்ணே. நானே நிப்பாட்டிட்டேன்."

இப்போது அருப்புக்கோட்டையில் ஒரு டியூஷன் சென்டருக்கு பஸ்ஸில் வந்து போகிறாள். நேரம் கழித்துப் போனால் கீழே கதவைத் தட்ட வேண்டும். தட்டுவதற்குக் கூச்சப்பட்டு, ஞாயிற்றுக்கிழமை இரவு நடக்கும் ஸ்பெஷல் வகுப்பு வேண்டாம் என்று சொல்லிவிட்டாளாம்.

அவள் கேட்டதுமே எனக்கு விடை தெரியும். படிக்கென்று பிளானில் விட்டிருந்த இடத்தைத்தான் ஹாலுக்குள் இழுத்தேனே! மிச்சம் விட்ட சந்துக்கு அந்தப் பக்கம் அடுத்தவர் காம்பவுண்டுச் சுவர். இருந்தாலும் டேப்பை எடுத்துக்கொண்டு போனேன். ஒரு முனையை அவள் பிடித்தாள், மறுமுனையை நான் பிடித்தேன். இரண்டடி எட்டங்குலம். இன்னொரு தடவை அளந்தேன். மூன்றாம் தடவை அளந்தபோது அவளே, "விடுங்கண்ணே" என்றாள்.

"சுருள் படி கூட எறங்காதும்மா. கூரை பீமை ஒடைக்கணும். வீடு தாங்காது."

"சரிண்ணே."

அந்தச் சந்திலேயே நின்றாள். கைப்பையிலிருந்து ஒரு ஜெராக்ஸை எடுத்தாள். வீட்டு வரிக்காக ஃபைலைத் துழாவியபோது கிடைத்ததாம். நான் எழுதிய கடிதம். கீழே அண்ணாச்சியின் கையெழுத்து.

"ஆரம்பத்துல தம்பி சொன்னப்ப நான் நம்பலைண்ணே. அப்பா அப்பிடிச் செய்ய மாட்டாக, யாரோ ஏமாத்திக் கைநாட்டு மாதிரி எதையோ வாங்கியிருப்பாகன்னு நெனைச்சேன். இதைப் பாத்த பெறகுதான்... பாருங்க. ஒரு எழுத்துக்கூட நடுங்கலை. நல்லா யோசிச்சுத்தான் போட்டிருக்காக."

நான் சந்தின் சுவரில் கை வைத்துக்கொண்டேன்.

"எம்மேல என்ன வருத்தம்னு தெரியலை. கட்டிக் குடுத்த எடத்துல இருந்து வந்துட்டேன்னு மனசுக்குள்ள இருந்துச்சோ என்னவோ. தனியா விட்டாச் சரிப்படாதுன்னு நெனைச்சுட்டாக போல. மூணு மாசம் பக்கத்துலயே இருந்தேன்ணே. என் கையைப் பிடிச்சுக்கிட்டே இருப்பாக. ஒரு ஜாடையாவது காட்டியிருக்கலாம்."

பிறகு என்னைப் பார்த்தாள்.

"நீங்கதான கையெழுத்து வாங்குனீக. போடையில ஏதாச்சும் சொன்னாகளா?"

இதோ! இதற்காகத்தான் இவ்வளவும் உங்களிடம் சொன்னேன். படிக்கட்டு போனது போனதுதான். அதை இனி யாராலும் வைக்க முடியாது. ஆனால் இது? இதற்கு இரும்பு வேண்டாம், இடம் வேண்டாம். என் வாயைத் திறந்தால் போதும். அந்தப் பெண்ணுக்கு அவள் அப்பா திரும்பக் கிடைத்துவிடுவார்!

வாய் திறந்தது.

"ஒண்ணும் சொல்லலைம்மா" என்றேன்.

ஏன்? நானே என்னைக் கேட்கிறேன், ஏன்? முருகேசன் ஞாயிறு தவறாமல் தங்கைக்கு போன் செய்கிறான், அப்பாவைக் கொடுக்கப்போய் அண்ணனைப் பறித்துவிடுவேனோ என்று பயந்தேன் என்று சொல்லலாம். சொன்னால் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அந்தச் சந்தில் அந்த நேரத்தில் எனக்கு முருகேசன் ஞாபகமே வரவில்லை. அவள் என்னை 'அண்ணே' என்று கூப்பிடுவது நின்றுபோகும் என்பது மட்டும்தான் தெரிந்தது. நோட்டில் பேச்சு எழுதி வைக்கிற நல்ல மனுஷன் செத்துப்போவான் என்பது மட்டும்தான் தெரிந்தது.

ஜெராக்ஸை மடித்துப் பைக்குள் வைத்தாள். கிளம்பப் போனவள், நின்று கேட்டாள்.

"அன்னைக்கு சுண்ணாம்புப் படியில அப்பா ஏறுனாகளே... எத்தனை படிண்ணே அது? எனக்கு மறந்துபோச்சு."

"பதினேழு."

"பதினேழு" என்று சொல்லிப் பார்த்துக்கொண்டாள். அவளிடம் நான் சொன்ன ஒரே உண்மை அந்த எண்தான்.

நோட்டு என் மேசையில்தான் இருக்கிறது. அண்ணாச்சி சொன்னது இருக்கும் பக்கத்தைக் கிழித்து அவள் கையில் கொடுத்துவிடலாம் என்று தினமும் நினைக்கிறேன். நான் ஒன்றும் பேசவேண்டியதில்லை, அந்த வரியே சொல்லிவிடும். ஒருநாள் கிழிக்கக்கூட ஆரம்பித்தேன். ஓரத்தில் ஒரு அங்குலம் கிழிந்திருக்கிறது. அதற்குமேல் கை போகவில்லை...

இதைப் படிக்கிற உங்களில் யாராவது அவளுக்குத் தெரிந்தவராக இருக்கலாம். சொல்லிவிடுவீர்களா? சொல்லிவிடுங்கள் என்று கேட்கவும் எனக்கு வாய் வரவில்லை, சொல்லாதீர்கள் என்று கேட்கவும் யோக்கியதை இல்லை.

காலையில் திருச்சுழியிலிருந்து வரும் பஸ் என் கடைக்கு எதிரேதான் நிற்கிறது. ஜோதி இறங்குவது அடுத்த நிறுத்தத்தில். ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்திருப்பாள். நான் ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருப்பேன். என்னைப் பார்த்ததும் சிரித்துக் கையைத் தூக்குவாள்.

ஒருநாளும் தவறியதில்லை. இன்றைக்கும் தூக்கினாள்.

நானும் கையைத் தூக்கினேன்.